வெள்ளைச் சட்டையும் அழுகிய முட்டை வாயுவும்

எங்கள் குடும்பத்தில் யாரும் கெட்ட வாடை அடிக்கும் ஒரு பொருளால் பெயர் எடுத்ததில்லை. என் தகப்பனார் நில அளவையாளர். நான் ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் வெளியூரில் பாலம் கட்டுகிறான். மருமகள் வந்த பிறகுதான் அழுகிய முட்டை எங்கள் வீட்டுப் பேச்சில் இடம் பிடித்தது.

அவள் வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களிடம் "ரத்தக் குழாய் சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவந்தேன். அது பொய் அல்ல. ஒரு விஷயத்தை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவது பொய் ஆகாது.

ஒரு நாள் அக்கா வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தோம். அக்கா எனக்கு மூத்தவள். என் முதுகு கோல் விழுங்கியது போல நேராக இருக்கிறது என்பார்கள். அந்த முதுகு அக்காவைப் பார்த்துப் பழகிய முதுகு. அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் கண்டதில்லை.

"உன் மருமக ராப்பகலா ஆராய்ச்சி பண்றாளாமே தம்பி, எதைப் பத்தி?" என்று அவள் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவியின் தம்பி முந்திக்கொண்டான். இந்த மைத்துனனைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். இப்போதைக்கு, அவன் எங்கே போனாலும் தோளில் ஒரு பழைய துணிப்பை தொங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

"வாயுவைப் பத்திக்கா. அழுகின முட்டையில வருமே, அதே சரக்கு. நம்ம உடம்புக்குள்ளயும் ஊறுதாம். அதை விளக்கு அடிச்சுத் தேடிக்கிட்டிருக்கா."

"எங்க வீட்டுக்காரர் விஷயத்துல விளக்கே வேணாம்" என்றாள் அக்காவின் மருமகள்.

கூடமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இதுக்காடா இவ்வளவு படிப்பு?" என்றாள்.

அவளுக்கு நான் "டா" ஆகிவிட்டேன் என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்று பொருள். வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது? ரத்தக் குழாய்னு சொன்ன. இப்ப அழுகின முட்டைங்கறாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. அந்த வாயுவை உடம்பே தயாரிக்குது, கொஞ்சூண்டு. நிறைய போனா விஷம். கொஞ்சமா இருந்தா சேதி. ரத்தக் குழாய்க்கு 'இறுக்கத்தை விடு'ன்னு சொல்லும். ஒரு சிக்னல் மாதிரி."

சிக்னல் என்ற சொல்லை யாரும் என் முன்னால் விளையாட்டாகப் பயன்படுத்த முடியாது. "யாரு குடுக்கறது? யாரு வாங்கறது? தப்பா விழுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவள் தடுமாறாமல் மூன்றுக்கும் பதில் சொன்னாள். எந்தச் செல் கொடுக்கிறது, எந்தத் தசை வாங்குகிறது, தவறினால் ரத்தக் கொதிப்பு வரை எங்கே போய் நிற்கும் என்று. பல உதவி அதிகாரிகள் என்னிடம் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்னதில்லை. வாடை அடித்தாலும் சிக்னல் சிக்னல்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அவள் செய்திருந்தது ஒரு சாயம். வாயுவைச் சந்திக்காத வரையில் அது இருப்பதே தெரியாது. சந்தித்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் விளக்கை அதன் மேல் காட்டும்போது நீலமாக ஒளிரும். உயிரோடு இருக்கும் உடம்புக்குள் வாயு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். அதற்கு அவள் 'நீலி' என்று செல்லப் பெயர் வைத்திருந்தாள்.

"ஏம்மா, பொய்க் கண்ணீர் விட்டவ பேரா கிடைச்சுது?" என்று என் மனைவி கேட்டாள்.

"இவ பொய் சொல்ல மாட்டா அத்தை. அதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்றாள் மருமகள்.

சோதித்துப் பார்ப்பது மீன்குஞ்சுகளில். இமை மயிர் அளவு குஞ்சு. கண்ணாடி உடம்பு, உள்ளே இதயம் துடிப்பது தெரியும். அவற்றைப் பாத்திரம் மாற்றும்போது அள்ளுவதற்கு ஒரு வடிகட்டி வேண்டும். கடையில் விற்கும் நைலான் வலையில் குஞ்சுகளின் வால் சிக்கிப் பிய்கிறது என்று, காடாத் துணியை வளையத்தில் கோத்து அவளே ஒன்று செய்துகொண்டிருந்தாள். வெளுக்காத, சாயம் ஏறாத, சாக்குக்குத் தம்பி போன்ற துணி. ஆய்வகத் தொட்டியில் அமில வாடை இருக்கிறது என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெறும் தண்ணீரில் அலசி, பின்கட்டில் கொடியில் போடுவாள். கொடியில் அது தொங்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுளிக்கும். பக்கத்து வீட்டார் பார்த்தால், இந்த வீட்டில் தரை துடைக்கும் துணிக்குக்கூடக் கதியில்லை என்று நினைக்க மாட்டார்களா?

கொடியைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுத் துணிகளைத் துவைப்பவன் நான்.

இதில் கேவலம் எதுவும் இல்லை. வேலையில் இருந்தவரை வெள்ளைச் சீருடை போட்டவன் நான். நடைமேடையில் கரி பறக்கும், எண்ணெய் தெறிக்கும், ஆனால் என் சட்டையில் புள்ளி இருந்ததாக ஒரு பயணி சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற பிறகு சலவைக்காரர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒருவருக்கும் காலரில் கஞ்சி நிற்கவில்லை. எனவே நானே எடுத்துக்கொண்டேன். வெண்மைத் தூள் போட்டு ஊற வைத்து, கஞ்சியில் முக்கி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, மூன்று மடிப்பாக மடிப்பேன். கைக்குட்டையும் மூன்று மடிப்பு, தலையணை உறையும் மூன்று மடிப்பு. ஆனால் இதெல்லாம் உறவுக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. "ஒரு கடையில் கொடுக்கிறோம்" என்று சொல்லியிருந்தேன். அக்கா பல முறை அந்தக் கடையின் விலாசம் கேட்டாள். "புது ஆட்களிடம் துணி வாங்க மாட்டார்கள்" என்று சொல்லிவைத்தேன்.

மருமகளின் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று அவள் சொன்னதுதான் தாமதம், நான் ஒரு வேன் பேசிவிட்டேன்.

"மாமா, வேணாம் மாமா. வழக்கமா நாலஞ்சு பேர்தான் வருவாங்க."

"அன்னைக்குச் சிரிச்சவங்க எல்லாம் வரணும்."

"வெளியிலேர்ந்து வர்ற பரீட்சகர் பொல்லாதவர் மாமா. பசங்க அவருக்கு முள்ளம்பன்றின்னு பேர் வச்சிருக்காங்க. படம் காட்டினா ஒத்துக்க மாட்டாராம். மீனை உயிரோட கண்ணு முன்னால காட்டணுமாம். தப்பாப் போச்சுன்னா, ஒரு வருஷம் கழிச்சு வான்னுடுவார். ஆஸ்பத்திரி ஆய்வகத்துல எனக்காக வச்சிருக்கிற வேலை அதுவரைக்கும் நிக்காது."

"தப்பாது" என்றேன். எங்கள் வீட்டுப் பெண் தவறாக எதையும் காட்ட மாட்டாள் என்ற உறுதி எனக்கு இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த வடிகட்டித் துணி மறுபடியும் கொடியில் தொங்கியது. பழுப்பாக, சுருங்கி, பார்க்கவே பாவமாக. மறுநாள் அக்கா வருவாள், முள்ளம்பன்றி வருவார், இந்தக் கந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் மருமகள் அவர்கள் முன் நிற்பாள். என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. எடுத்தேன். மற்றத் துணிக்குப் போடுவதைவிட ஒரு பிடி கூடுதலாகவே வெண்மைத் தூளைப் போட்டேன். கஞ்சி, நிழல், இஸ்திரி. துணி வெள்ளை வெளேரென்று ஆகி, தட்டினால் சத்தம் கேட்கிற அளவுக்கு விறைத்து நின்றது. மூன்றாக மடித்து, மறுநாள் அவள் எடுத்துப்போகும் பெட்டிக்குள் வைத்து மூடினேன். சொல்லவில்லை. நல்லது செய்துவிட்டுச் சொல்லிக் காட்டும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

காலையில் கொடி காலியாக இருக்கவே, துணி பெட்டிக்குள் போய்விட்டது என்று எண்ணி, அவள் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் மீன் அறையைக் கவனிப்பவரிடம் கொடுத்துவிட்டு, திரை, விளக்கு, நுண்ணோக்கி என்று ஓடிக்கொண்டிருந்தாள். துணியை வளையத்தில் கோத்து, குஞ்சுகளை அள்ளிக் கிண்ணங்களில் விட்டவர் அவர்தான்.

அறை சிறியது. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் நான், என் மனைவி, அக்கா. எனக்கு அடுத்த நாற்காலியில், அழைக்காமலே, மைத்துனன். மடியில் பை.

முள்ளம்பன்றி ஒல்லியான மனிதர். தலைமுடி மட்டும் பெயருக்கு ஏற்றபடி நின்றது. வந்ததும் எங்கள் வேன் கூட்டத்தைப் பார்த்து, "இது தேர்வா, பொதுக்கூட்டமா?" என்றார். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அவசரமாக அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மருமகள் முதலில் இரண்டு குப்பிகளைக் காட்டினாள். இரண்டிலும் நீலி. ஒன்றில் மட்டும் வாயுவை விடும் உப்புக் கரைசலை ஒரு துளி கலந்தாள். மூடியைத் திறந்த நொடியில் முதல் வரிசைக்கு அந்த வாடை வந்து சேர்ந்தது. அக்கா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். யாரோ பின்னால், "நான் இல்லை" என்றார்கள்.

விளக்குகளை அணைத்து, புற ஊதாக் கதிர் கைவிளக்கை அவள் போட்டாள். வாயு உள்ள குப்பி நீலமாக எரிந்தது. மற்றது இருட்டு. அழகாக இருந்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் எரிந்தது. என் சட்டை. காலர் முதல் கைமடிப்பு வரை, குளிர்ந்த நீல வெள்ளையில் நான் முழுவதுமாக ஒளிர்ந்துகொண்டிருந்தேன்.

"அத்தான், உங்க சுவிட்ச் எங்க இருக்கு? அணைச்சுட்டு வர்றேன்" என்றான் மைத்துனன்.

நான் அசையவில்லை. அந்த அறையில் மிக வெண்மையான சட்டை யாருடையது என்பதற்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

"குப்பி எல்லாம் சரி. மீனைக் காட்டுங்க" என்றார் முள்ளம்பன்றி.

நுண்ணோக்கியின் காட்சி திரையில் விழுந்தது. முதல் கிண்ணத்து மீன்குஞ்சு தலை முதல் வால் வரை நீலமாக ஒளிர்ந்தது. உறவுக்காரர்கள் கை தட்டினார்கள்.

"இது வாயு இருக்கற மீன். அது?" என்று முள்ளம்பன்றி இரண்டாவது கிண்ணத்தைக் காட்டினார். 

"அது உடம்புல வாயு ஊறாம மருந்து குடுத்து நிறுத்தின மீன் சார். சாயம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அது இருட்டா இருக்கணும்."

கிண்ணத்தை மாற்றினாள். இரண்டாவது மீனும் ஒளிர்ந்தது. முதல் மீனைவிடச் சற்றுக் கூடுதலாகவே.

எங்கள் ஆட்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்று என் மனைவி திரும்பிச் சொன்னாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நின்ன மாதிரி தெரியலையே" என்றார் முள்ளம்பன்றி. "இருக்குன்னாலும் எரியுது, இல்லைன்னாலும் எரியுது. இந்தச் சாயத்தை வச்சு என்ன கண்டுபிடிக்கறது?"

"பேரு வச்சதே தப்பு" என்று மைத்துனன் முணுமுணுத்தான்.

மருமகள் திரைக்குப் பக்கத்தில் போனாள். "சார், ஒரு நிமிஷம். வாயுவால வர்ற வெளிச்சம் உள்ளேர்ந்து வரணும். குடல் பக்கம், ரத்தக் குழாய் பக்கம். இது மேல்தோல் பூரா அப்பியிருக்கு. தண்ணியில பாருங்க, இதோ, சுருள் சுருளா நூல். அதுவும் எரியுது. நூலுக்கு ஏது சார் வாயு? இது என் சாயம் இல்லை. துணியிலேர்ந்து வந்திருக்கு. ஆனா என் துணி காடாத் துணி. அது எரியாது."

மீன் அறைக்காரர் வடிகட்டியை எடுத்துவந்தார். "புதுசு மாதிரி இருந்துச்சும்மா. நல்ல நாளாச்சேன்னு நீங்கதான் மாத்தியிருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றார். கைவிளக்கின் கீழ் அது பௌர்ணமி போல இருந்தது. நனைந்தும்கூட இஸ்திரி மடிப்பின் இரண்டு கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. மூன்று மடிப்பு.

மருமகள் அந்தக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு முதல் வரிசையைப் பார்த்தாள். அந்த மடிப்பு அவளுக்குத் தெரியாதா? தினமும் அவள் தலை வைத்துப் படுக்கும் உறையிலும் அதே மடிப்புதான்.

"யார் துவைச்சது இதை?" என்றார் முள்ளம்பன்றி.

அவள் என்னைப் பார்த்தாள், என் அக்காவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "தெரியல சார்."

"தெரியலன்னா?"

"சலவைக்குப் போன துணியோட கலந்துபோயிருக்கலாம்."

சலவைக்கு எதுவும் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். என் கட்டுக்கதையை, தன் பட்டத்தைப் பணயம் வைத்து, அவள் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"எந்தத் துணின்னு தெரியாது, எதுல துவைச்சதுன்னு தெரியாது. அப்ப முடிவும் தெரியாது" என்று முள்ளம்பன்றி பேனாவை மூடினார். "ஒரு வருஷம் கழிச்சுப் பார்ப்போம்."

அக்கா அதே வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், இத்தனை உறவு முன்னால், குடும்பத் தலைவன் எழுந்து நின்று துணி துவைப்பதைப் பற்றிப் பேசுவதா? மறுபக்கம், என் வேலையில் நான் கற்ற ஒரே விதி. தவறான சிக்னல் விழுந்துவிட்டால் அது யார் கைப்பிழை என்று ஆராய நேரம் கிடையாது. முதலில் ரயிலை நிறுத்து. என் மருமகளின் வாழ்க்கையின் மேல் ஒரு தவறான பச்சை எரிந்துகொண்டிருந்தது. அதைப் போட்ட கை என்னுடையது.

"என்னங்க" என்றாள் என் மனைவி, உதடு அசையாமல். "எழுந்திருங்க. இல்ல நான் எழுந்திருப்பேன்."

எழுந்தேன்.

"ஐயா, அந்தத் துணியை நேத்து சாயங்காலம் துவைச்சுக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது நான்."

"நீங்க யாரு?" என்றார் முள்ளம்பன்றி.

"மாமனார்."

"துவைக்கறது உங்க தொழிலா?"

"தொழில் இல்லை. ஒழுங்கு. எங்க வீட்டுத் துணி எல்லாத்தையும் நான்தான் துவைக்கறேன். கடை எதுவும் கிடையாது." கடைசி வாக்கியத்தை நான் அக்கா இருந்த பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

அவர் மூடிய பேனாவைத் திறந்தார். "எப்படித் துவைச்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். ஊற வைப்பது, தூளின் அளவு, காலருக்கு மட்டும் தனிக் கஞ்சி. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். காலர் கஞ்சியைப் பற்றித் தேவைக்கு மேலேயே கேள்வி கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"வெண்மைத் தூள் போட்டப்புறம் எத்தனை தடவை அலசினீங்க?"

"அலசக் கூடாதுங்க. அலசினா வெண்மை போயிடும்."

"போகல" என்றார் அவர். "மீன் மேல வந்திருக்கு."

மருமகள் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள். "மாமா, அந்தத் தூள்ல ஒரு சாயம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வாங்கி நீலமா திருப்பிக் குடுக்கும். அதனாலதான் துணி அவ்வளவு வெள்ளையா தெரியுது."

நான் வாழ்நாள் முழுவதும் வெண்மை என்று போற்றியது ஒரு சாயம் என்று அவள் சொல்கிறாள். விஞ்ஞானத்தை மதிக்கிறேன். ஆனால் இதை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

"வாயால சொன்னா போதாது" என்றார் முள்ளம்பன்றி. "உங்க கைக்குட்டையைக் குடுங்க."

கொடுத்தேன். சாயமே கலக்காத சுத்தமான தண்ணீரில் அதைப் போட்டுப் பிழிந்து, அந்தத் தண்ணீரில் புது மீன்குஞ்சை விட்டார்கள். சற்று நேரம் கழித்து விளக்கைக் காட்டினால், நீலி இல்லாமலே அந்தக் குஞ்சு என் சட்டை போல ஒளிர்ந்தது. அவர் தலையை ஆட்டினார். "சரி. குற்றவாளி கிடைச்சாச்சு. இப்ப சாயத்தோட நிரபராதித்தனத்தைக் காட்டுங்க. எரியாத துணி ஒண்ணு கொண்டுவாங்க. மறுபடி பண்ணுங்க."

எரியாத துணிக்கு எங்கே போவது? பண்டக அறை பூட்டியிருந்தது. ஆய்வகத்தில் இருந்த துடைக்கும் துணிகள் எல்லாம் எரிந்தன. பேராசிரியரின் காலர் எரிந்தது. மருமகள் இருட்டில் கைவிளக்கைப் பிடித்தபடி எங்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். அக்காவின் கைக்குட்டை, அக்கா மருமகளின் பூத்துவாலை, பிள்ளைகளின் சட்டை, எல்லாம் நீலம். சுத்தமான குடும்பம் எங்களுடையது. அன்று அதுவே எமனாக நின்றது.

விளக்கு மைத்துனனிடம் வந்தது. அவன் மடியில் மட்டும் ஒரு சதுர இருட்டு.

"சித்தப்பா, இது காடாத் துணியா?"

"ஆமாம்மா. ஏன்?"

"எப்பத் துவைச்சீங்க?"

"பையை யாராவது துவைப்பாங்களா?"

இந்தப் பையை நான் அவனுடன் உறவான காலம் முதல் வெறுத்துவருகிறேன். எங்கள் வீட்டு வாசலுக்கு அது வரும்போதெல்லாம் வெளியே ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். அவன் அதை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான்.

"வெட்டணுமா?"

"அடியில ஒரு துண்டு போதும் சித்தப்பா."

"அடியை வெட்டினா அப்புறம் அது பையா?"

"உனக்கு நான் புதுப் பை வாங்கித் தர்றேன்" என்றேன். 

"வெளுத்துக் கஞ்சி போட்டுத் தருவீங்க. வேணாம் அத்தான்." ஆனால் கவிழ்த்துவிட்டான். மேசை மேல் கொட்டியது: செய்தித்தாள், உடைந்த சீப்பு, மூடி இல்லாத பேனா, எங்கள் வீட்டு பிஸ்கட் பொட்டலம், நான் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த என் மூக்குக் கண்ணாடிக் கூடு. கூட்டைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான். அதைப் பற்றிப் பேச அது சமயம் அல்ல.

பையின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் ஒளிர்ந்தது. என் மனைவி எப்போதோ தம்பிக்காக வெள்ளை நூலால் தைத்துக் கொடுத்த இடம். அதை விலக்கி வெட்டி, மருமகள் கொதிக்கும் தண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் மாற்றி மாற்றி அலசினாள். முதலில் வந்த தண்ணீரின் நிறத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகு தெளிந்தது. வளையத்தில் கோத்தாள், புதுக் குஞ்சுகளை அள்ளினாள், மருந்து கொடுத்தாள், நீலியைக் கொடுத்தாள். காத்திருந்தோம். ஒருவரும் வெளியே போகவில்லை. பிஸ்கட் பொட்டலம் கைமாறிப் பின்வரிசை வரை போய் வந்தது.

விளக்கு அணைந்தது. முதல் மீன். உடம்பு இருட்டாக இருந்தது. உள்ளே, குடலை ஒட்டி, மெல்லிய நீல இழைகள். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அந்த இழைகள் லேசாக அசைந்தன. ஒரு சிக்னலைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அது சரியான சிக்னல்.

இரண்டாவது மீன். திரை கறுப்பு. மருமகள் ஒளியைக் கூட்டினாள். கறுப்பு.

"ஒண்ணும் தெரியலையே" என்று அக்கா கவலையோடு கேட்டாள்.

"அதுதான் அண்ணி வேணும்" என்றாள் என் மனைவி.

அப்போது எங்கள் ஆட்கள் தட்டினார்கள் பாருங்கள். வெறும் இருட்டுக்கு ஒரு குடும்பம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

முள்ளம்பன்றி மருமகளின் கையைக் குலுக்கி, "டாக்டர்" என்று கூப்பிட்டார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். வடிகட்டித் துணியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதில் துவைக்கக் கூடாது என்று ஆய்வேட்டில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். மைத்துனன் அதில் தன் பெயர் வருமா என்று கேட்டான். பையின் பெயர் வரும் என்று அவள் சொன்னாள். போகிற போக்கில் முள்ளம்பன்றி என்னிடம், "அந்தக் காலர் கஞ்சி, அரிசியா மரவள்ளியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இரண்டும் கலந்தது என்றேன்.

வெளி வராந்தாவில் அக்கா எனக்காக நின்றிருந்தாள். கைத்தடியை ஊன்றி, நிமிர்ந்து. நானும் நிமிர்ந்தேன். வாங்க வேண்டியதை நின்றே வாங்குவோம் என்று போனேன்.

"டேய்."

"சொல்லுக்கா."

"கடை ஒண்ணு இருக்குன்ன. விலாசம் கேட்டேன், புது ஆளுங்ககிட்ட வாங்க மாட்டாங்கன்ன."

"ஆமா."

"எத்தனை வருஷம் உன் காலரைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கேன் தெரியுமா? எங்க வீட்டுத் துணியெல்லாம் நனைஞ்ச கோழி மாதிரி தொங்குது." தடியால் என் காலைத் தட்டினாள். "நாளைக்கு வேன்ல ரெண்டு மூட்டை அனுப்பறேன். படுக்கை விரிப்பு முதல்ல."

பிறகு மருமகள் இருந்த பக்கம் பார்த்தாள். "கேக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்றது, உன் மருமக என்ன பண்றான்னு?"

"அழுகின முட்டை வாயுன்னு சொல்லு" என்றேன். "உடம்புக்குள்ள அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறா. இல்லாத இடத்துல இல்லைன்னும் சொல்றா. அதுதான் கஷ்டம்."

மூட்டைகள் வந்தன. இப்போது வாரா வாரம் வருகின்றன. அவற்றுக்குத் தனி வாளி, தனிக் கொடி.

பழைய கொடியின் ஓரத்தில் மருமகளின் புது வடிகட்டிகள் தொங்குகின்றன. ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கு நிறைய வேண்டியிருக்கிறதாம். பழுப்பாக, சுருங்கி, சாக்குக்குத் தம்பிகளாக. நான் அவற்றைத் தொடுவதில்லை. என் தூள் டப்பாவை அந்தப் பக்கம் கொண்டுபோவதும் இல்லை. பக்கத்து வீட்டார் சுவர் மேலாக எட்டிப் பார்த்தால், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அது அழுக்கு அல்ல என்று.